யூரோப்பில் ரயிலேறலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணே, காலேஜ் நண்பர்கள் நாலு பேர், எல்லாருக்கும் 26 வயது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம், அப்புறம் சுவிஸ். 15 நாளில் எல்லாம் ரயிலிலேயே. யூரெயில் பாஸ் எடுத்தால் செலவு குறையுமா? (ஒரு வாசகர், திருமங்கலம்)

பதில்: முதலில் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள் தம்பி. 15 நாளில் ஏழு இடம் என்றால் பாதிப் பொழுது பிளாட்பாரத்தில்தான் போகும்.

சரி, பாஸ். 33 நாட்டு ரயில்களில் செல்லும், 27 வயது வரை இளைஞர் விலை உண்டு, அதனால் வயது விஷயத்தில் தப்பித்தீர்கள். ஆனால் பாஸ் இருந்தால் எல்லா ரயிலிலும் ஏறி உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் அதிவேக ரயில்கள், இதிலெல்லாம் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டி ரிசர்வ் செய்ய வேண்டும், அதிலும் டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் தீர்ந்துவிட்டால் பாஸ் பையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் பக்கம் பெரும்பாலான பகல் ரயில்களில் இந்தத் தொல்லை கிடையாது.

தேதியும் ஊரும் முடிவாகிவிட்டதென்றால் என் ஓட்டு தனித்தனி டிக்கெட்டுக்குத்தான். நம்ம பாண்டியனில் ஸ்லீப்பர் டிக்கெட்டை 60 நாள் முன்னால் போட்டாலும் பத்து நாள் முன்னால் போட்டாலும் ஒரே கட்டணம், அங்கே நீண்டதூர ரயில்களில் விமான டிக்கெட் மாதிரி நாள் நெருங்க நெருங்க ஏறும். இரண்டு மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து எடுத்தால் பிராக்-வியன்னா மாதிரி வழிகள் நன்றாகவே மலிவு. நினைத்த இடத்தில் இறங்கி நினைத்த இடத்தில் ஏறுகிற ஆட்கள் என்றால் பாஸ் எடுங்கள், அதற்குத்தான் அது.

நாலு பேருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஜெர்மனியில் மாநில டிக்கெட் என்று ஒன்று, ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம், ஆள் கூடினால் விலை கொஞ்சம்தான் ஏறும். பவேரியா மாநிலத்துக்கான பயர்ன் டிக்கெட் எடுத்தால் மியூனிக்கிலிருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் போகலாம். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. போகட்டுமே, ஜன்னலோரம் உட்கார்ந்து ஆல்ப்ஸ் பார்க்க மெதுவான ரயில்தான் வசதி.

ஏறுமுன் பெட்டியின் பக்கவாட்டுப் போர்டைப் பாருங்கள். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும், முன்பு வாஞ்சி மணியாச்சியில் தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி விடுவார்களே, அதே கதை. முதல் தடவை போனபோது நான் கழிவறைக்குப் போகிறேன் என்று பின்பக்க ரயிலுக்கு மாறி அங்கேயே யாரிடமோ பேசிக்கொண்டு நின்றுவிட்டேன், நண்பர்கள் ஒரு ஊருக்குப் போனார்கள், நான் வேறொரு ஊருக்குப் போனேன். டிக்கெட் அவர்களிடம், தண்ணீர் பாட்டில் என்னிடம்.

கேள்வி: நாங்கள் தோழிகள் மூன்று பேர். இரவு ரயிலில் போனால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சமாகும் என்கிறார்கள், பயமில்லையா? (ஒரு வாசகி, கே.கே.நகர், மதுரை)

பதில்: ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் பெண்களுக்கு மட்டுமான கேபின் உண்டு, டிக்கெட் போடும்போதே கேளுங்கள். சீட் மட்டும் எடுத்து விடிய விடிய உட்கார்ந்து போவது மலிவுதான், ஆனால் மறுநாள் ஊரைப் பார்க்காமல் பெஞ்சில் தூங்குவீர்கள். படுக்கையே எடுங்கள்மா. வியன்னா-வெனிஸ் வழி எனக்குப் பிடித்தது. பெரிய சூட்கேஸ் வேண்டாம், போர்ட்டர் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், படிக்கட்டில் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

கேள்வி: விசா எந்த நாட்டுக்குப் போடுவது? (ஒரு வாசகர், மேலூர்)

பதில்: ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று போதும், அதை அதிக நாள் தங்குகிற நாட்டுக்குப் போடுங்கள். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழைகிற நாட்டுக்கு. கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடும் வேண்டும். லண்டனுக்கு இந்த விசா செல்லாது.

கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பொடி, பால்கோவா எல்லாம் கொண்டு போகலாமா? (ஒரு வாசகி, உசிலம்பட்டி)

பதில்: ஹோட்டலை விட ஹாஸ்டல் மேல், பல இடங்களில் பொது சமையலறை இருக்கும், சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் தயிரும் வாங்கினால் நாலு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி தாராளமாகக் கொண்டு போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மட்டும் வீட்டிலேயே தின்றுவிட்டுக் கிளம்புங்கள். பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து உள்ளே விடமாட்டார்கள், பிடித்தால் குப்பைக்குத்தான் போகும்.