படகு வைத்திருப்பவர்கள் நீர்நிலையைச் சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருக்க என்ன செய்யலாம்?

‘பாட்டிலைத் தண்ணீரில் வீசாதீர்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதனால் படகுக்காரன் கண்ணில் மட்டும் படுகிற சில விஷயங்களைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கம், தடாவுக்குக் கிழக்கே. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. அப்பாவிடம் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. லீவு நாட்களில் நானும் ஏறுவேன். நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுதான். பெரியது என்று சொன்னாலும் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோனால் அதுவும் வெளியே போகாது. நாம் சிந்துவது நம்மிடமே கிடக்கும்.

முதலில் படகுக்குள் தேங்கும் தண்ணீர். இன்ஜினுக்கு அடியில் கறுப்பாக, மேலே வானவில் நிறம் மிதக்க நிற்கும். காலையில் வந்ததும் வெட்டிய கேனால் அதை இறைத்து ஏரியில் ஊற்றுவது எங்கள் ஊரில் பல் துலக்குவது போல ஒரு பழக்கம். அப்பா இப்போது ஒரு பிடி தேங்காய் நாரைப் பழைய துணியில் சுற்றி அதில் போட்டு வைக்கிறார். மேலே மிதக்கும் ஆயிலைப் பெரும்பாலும் அது குடித்துவிடும். பிறகுதான் தண்ணீரை இறைப்பார். கழிவு ஆயில் மெக்கானிக் கடைக்குப் போகிறது, அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். டீசல் ஊற்றுவது கரையில் வைத்துத்தான், புனல் போட்டு, விளிம்பு வரை நிரப்பாமல். வெயில் ஏறினால் டீசல் விரிந்து வழியும். சிந்திவிட்டால் சோப்புத் தூள் போட்டுக் கரைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு மறையுமே தவிர ஆயில் தண்ணீரோடு கலந்து கீழே போய் மீன் குஞ்சைத் தொடும்.

அறுந்த வலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நைலான் வலை கிடந்த இடத்திலேயே மீனைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஒருநாள் உங்கள் இன்ஜின் விசிறியிலேயே சுற்றும். கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நான் நிறைய சொல்ல விரும்புவது படகின் அடிப்பாகத்தைப் பற்றித்தான். சில வருடங்களாக எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ‘காக்கா ஆழி’ என்று ஒன்று பெருகிக் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளத்துக்கு, காக்கை நிறத்தில் ஒரு சிப்பி. ஆய்வாளர்கள் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா என்பார்கள். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடலோரம்; கப்பல்களோடு வந்து இறங்கியிருக்கும் என்கிறார்கள். கேரளத்தில் அஷ்டமுடிக் காயலையும் அது விடவில்லை. நார் விட்டு ஒன்றோடொன்று ஒட்டி, ஏரித் தரையில் பாய் விரித்தது போலப் படர்ந்துவிடும். அதற்கு அடியில் இறாலுக்கு மண் ஏது, நம்மூர் மட்டிக்கு மூச்சு ஏது? தமிழ்நாட்டுப் பக்கம் இருளர் பெண்கள் பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இப்போது துழாவினால் கையைக் கிழிக்கிறது.

இது படகடியிலும் நங்கூரக் கயிற்றிலும் ஒட்டும். எங்கள் பழைய படகு எண்ணூர்ப் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கி லாரியில் வந்தது. அடியில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். பாசி என்று நினைத்து, நல்ல நேரம் போய்விடுமே என்ற அவசரத்தில், அப்படியே ஏரியில் இறக்கினோம். எங்கள் கரைக்கு அது எங்களால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. குஞ்சுகள் நீரோட்டத்திலேயே மிதந்து வரும். இருந்தாலும் உறுத்துகிறது. ஆகவே வேறு தண்ணீரில் ஓடிய படகு என்றால் கரையிலேயே கவிழ்த்துப் போட்டு, சுரண்டி, சுரண்டியதைத் தண்ணீரிலிருந்து தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். கயிறும் வலையும் வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பிறகு இறக்குங்கள். நல்ல நேரம் இன்னொரு நாள் வரும்.

அப்புறம் பாதுகாப்பு. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது 2011 கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதனால் யார் கெஞ்சினாலும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள், லைஃப் ஜாக்கெட் போடாதவர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, அந்நியப் படகு. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். பார்த்தவனுக்கு அது சாதாரண மீன்படகு. எங்களுக்கு எதிரே ஸ்ரீஹரிகோட்டா தீவு, ராக்கெட் ஏவுதளம். எந்த இன்ஜின் சத்தம் யாருடையது என்று எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்தக் காது போலீசுக்குக் கிடையாது. சந்தேகம் வந்தால் கிட்டே போய் வீரம் காட்ட வேண்டாம். இடம், நேரம், படகின் நிறம், பதிவு எண் கவனித்துச் சொன்னால் போதும். கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093, கோஸ்ட் கார்டுக்கு 1554.

போன மார்கழியில் ஒரு ராத்திரி தீவுப் பக்கம் விளக்கில்லாமல் ஒரு படகு நின்றது. “சத்தம் போடாதடா, போனைப் போடு” என்றார் அப்பா. போட்டேன். விடிந்ததும் விசாரித்தால் நெல்லூர்ப் பக்கத்து ஆட்கள், இன்ஜின் நின்று பேட்டரியும் தீர்ந்து, ராத்திரி முழுக்கக் குளிரில் நடுங்கியிருக்கிறார்கள். தெலுங்கில் எங்களை ரெண்டு திட்டு திட்டிவிட்டு டீ குடித்தார்கள். அவர்கள் படகை இழுத்துவந்து கரையில் ஏற்றியதும் அப்பா முதல் வேலையாகக் குனிந்து அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, வழுவழுவென்று இருந்தது.