5 வயதுப் பிள்ளையைத் தீபாவளிக் கைவினை வகுப்புக்குப் பணம் கட்டி அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பணம் கட்டும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: பிரஷைப் பிடிக்கப்போவது உங்கள் பிள்ளையா, சொல்லிக்கொடுக்க வருகிறவரா?

சென்னையில் எங்கள் குடியிருப்பில் போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு இப்படி ஒரு வகுப்பு வைத்தார்கள். என் மகள் அகல் விளக்குக்குப் பச்சையும் ஊதாவும் பூசி, சுற்றிலும் விரலால் பொட்டு வைத்திருந்தாள். வந்திருந்தவர், "கொடு செல்லம், ஆன்ட்டி அழகாக்கித் தரேன்" என்று வாங்கி, அதன்மேலேயே தங்க நிறத்தை அடித்து, கண்ணாடிச் சில்லு ஒட்டிக் கொடுத்துவிட்டார். அத்தனை பிள்ளைகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே விளக்கோடு போட்டோவுக்கு நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும், "இது என்னுது இல்லம்மா" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வகுப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. "வீட்டிலேயே செய்யலாமே" என்பவர்கள், ராத்திரி 7 மணிக்கு மேல் வீடு வந்து சேரும் அம்மாக்களையும் நினைத்துப் பாருங்கள். "விளக்கு வரிசை கார்த்திகைக்குத்தானே, தீபாவளிக்கு எதற்கு" என்று வருகிறவர்களுக்கு: சரிதான், அதே விளக்கைக் கார்த்திகைக்கும் ஏற்றலாம்.

வகுப்பு நடத்துகிறவர்கள் மண்பாண்டம் செய்து விற்கும் கொசப்பேட்டை மாதிரி இடத்தில் வண்ணம் பூசாத அகலாக வாங்கி, முதலில் பிள்ளைகள் கையாலேயே தண்ணீரில் போடச் சொல்லலாம். போட்டதும் மண்ணிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அதைப் பார்க்க முண்டியடிப்பார்கள். ஊறிக் காய்ந்த அகல் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. வண்ணம் வெளிப்புறம் மட்டும் போதும். உள்ளேயும் திரி வைக்கும் மூக்கிலும் பூசினால் சூட்டில் கருகி நாறும். காவியும் அரிசிமாவுக் கரைசலுமே எடுப்பாக இருக்கும். 3 வயதுக்குள் இருக்கும் தம்பி, தங்கை கூட வந்தால் மணியும் கல்லும் அவர்கள் கைக்கு எட்டவே கூடாது, வாயில் போட்டுவிடுவார்கள்.

பள்ளியிலும் இதே கதைதான். எல்.கே.ஜி. பிள்ளையிடம் தெர்மாகோலில் கோயில் செய்து வரச் சொல்கிறார்கள். ராத்திரி 11 மணிக்கு அப்பாதான் பசையும் பிளேடுமாக உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் அதற்குத்தான் ஸ்டார். பிள்ளை தானே கோணலாக ஒட்டின காகிதக் கோபுரம் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வருஷம் அந்தக் கோணல் கோபுரத்தை முன்வரிசையில் வையுங்கள்.