தனுஷ்கோடிப் புயலைக் காட்டி வாதாடும் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

“1964லேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது, அப்போது ஏது காலநிலை மாற்றம்?” என்று ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் உங்கள் மாமா கேட்கிறாராம். சரி, புயல் எப்போதும் வந்ததுதான். ஒரு புயல் வானிலை. பல பத்தாண்டுப் போக்குதான் காலநிலை. சோப்பு சிறுத்துவிட்டது, பிஸ்கட் பாக்கெட்டில் பாதி காற்று என்று அவரும் புலம்புவார் அல்லவா? (நியாயமான புலம்பல்தான்.) பழைய எடையோடு ஒப்பிட்டுத்தானே கண்டுபிடித்தார்! கடலின் சூட்டையும் அப்படித்தான் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளுத்தன. நீர் மிகவும் சூடானால், தமக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளைப் பவள உயிரிகள் வெளியேற்றிவிடும். சூடு நீடித்தால் செத்துவிடும்.

ஒன்று, அதே வளைகுடாவில் மூழ்கிய பூவரசன்பட்டித் தீவை முழுக்கக் காலநிலைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பவளத்தை வெட்டியெடுத்ததும் பெரிய காரணம். மாமா அதைப் பிடித்துக்கொள்வார்.