பக்கத்து மாடி ஜன்னலுக்கு மறைப்பு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கமுங்க. கோபி பக்கம் சின்னதா ஒரு நர்சரி வச்சிருக்கேன். "பக்கத்து வீட்டுக்காரங்க பாக்கறாங்க, மறைப்பா என்ன வைக்கலாம்"னு வாரத்துக்கு நாலு பேராவது வந்து கேக்கறாங்க, அதனால இன்னைக்கு சாயங்காலம் அதுக்கே ஒதுக்கியாச்சு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், செடி வாங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சேரும் டேப்பும் எடுத்துட்டு தோட்டத்துக்குப் போங்க.

சேலத்துலேர்ந்து: அண்ணா, பக்கத்து சைட்ல மாடி எழுப்பிட்டாங்க. கொல்லைல நிம்மதியா உக்கார முடியல, மேல ஜன்னல்லேர்ந்து நேரா தெரியுது. காம்பவுண்ட இன்னும் நாலு அடி ஏத்தலாம்ங்கறாரு வீட்டுக்காரர். கொத்தனார் சொன்ன ரேட்டக் கேட்டா தலை சுத்துது.

ஏத்தாதீங்க, காசு தண்டம். கணக்கு போட்டே காட்டறேன். நீங்க சேர்ல உக்காந்தா உங்க கண்ணு தரைலேர்ந்து சுமாரா 4 அடி. மாடி ஜன்னல்ல நிக்கறவங்க கண்ணு 16 அடின்னு வைங்க. சேருக்கும் ஜன்னலுக்கும் 24 அடி தூரம். அப்போ பார்வை ஒரு அடி தள்ளத் தள்ள அரை அடி மேல ஏறுது. சேர்லேர்ந்து 18 அடி தள்ளி இருக்கற காம்பவுண்ட்ல மறைக்கணும்னா 13 அடி வேணும், 5 அடி சுவத்த 9 ஆக்கினாலும் ஜன்னல் தெரியத்தான் செய்யும். அதே மறைப்ப சேர்லேர்ந்து 6 அடில வச்சீங்கன்னா 7 அடி போதும். ரெண்டு சவுக்கு கம்பு, குறுக்க நாலு கம்பி, ஒரு கோவைக்கா கொடி, முடிஞ்சுது. கணக்கெல்லாம் வேண்டாம்னா இன்னும் சுலபம், நீங்க சேர்ல உக்காந்துக்கங்க, வீட்டுக்காரர் கைல துரட்டி குடுத்து நுனில ஒரு துண்டக் கட்டி நடக்க விடுங்க, எந்த எடத்துல எவ்ளோ தூக்கினா துண்டு ஜன்னல மறைக்குதோ அங்க தரைல ஒரு கோடு போட்டுக்கங்க. நாலு பக்கமும் மூடணும்னே பலபேரு நெனைக்கறாங்க, நெசமா பாத்தா மறைக்க வேண்டியது ஒரு ஆறடி அகலம்தான் இருக்கும்.

திருச்சி: அடுத்த வாரம் வீட்ல விசேஷம் சார். செடி வளர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. உடனடியா ஏதாவது?

தென்னங்கீத்து தட்டிதான். பந்தக்காரர்கிட்ட சொன்னா ஒரே நாள்ல கட்டிட்டுப் போயிடுவாரு, பாக்கவும் லட்சணமா இருக்கும். விசேஷம் முடிஞ்சும் அப்படியே விட்டா ஒரு மழைக்காலம் தாங்கும், அப்புறம் மக்கி உதிர ஆரம்பிக்கும், அத மரத்தடில மூடாக்கா போட்டுடுங்க. பனையோலைன்னா இன்னும் கொஞ்ச நாள் கூட வரும், ஆனா பின்னற ஆளு கிடைக்கணுமே. அடுப்பு வைக்கற பக்கம் மட்டும் கீத்து கட்டாதீங்க, காஞ்ச ஓலை, ஒரு பொறி போதும்.

கோவை: பச்சை ஷேட் நெட் கட்டலாமா? 50, 75, 90ன்னு சொல்றாங்க, எது?

அந்த நம்பர் எவ்ளோ வெயில மறைக்கும்ங்கற சதவீதம். ஆளு தெரியாம இருக்கணும்னா 75க்கு கீழ போகாதீங்க, 50ல உருவம் நல்லாவே தெரியும், அதுலயும் ராத்திரி உங்க பக்கம் லைட்டு எரிஞ்சா சினிமா திரை மாதிரி ஆயிடும். 90 நல்லா மறைக்கும் ஆனா காத்த விடாது. நான் பட்டதச் சொல்றேன், மொட்டை மாடில 90 நெட்ட டேங்க் பைப்புல இழுத்துக் கட்டினேன், நம்ம ஊர்லதான் பாலக்காட்டு கணவாய் காத்து ஆனி ஆடில வெளுத்து வாங்குமே, நெட்டு பாய்மரம் மாதிரி உப்பி பைப்ப ஒடிச்சு ராத்திரி பூரா டேங்க் தண்ணி போயிடுச்சு. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, நெட்டு எம்மாத்திரம். அதனால மாடிக்கு 75 போதும், ஓரத்த மடிச்சு கயிறு கோத்து ஒரு அடிக்கு ஒரு கட்டு போடுங்க. பைப்புல மட்டும் கட்டவே கட்டாதீங்க. யூவி போட்ட நெட்டான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா வெயில்ல சீக்கிரமே பொடிப்பொடியா உதிரும்.

காசே இல்லன்னா பழைய சேலை. காட்டுப்பன்னிக்கு பயந்து கடலைக்காட்ட சுத்தி கட்டறாங்களே, அதே டெக்னிக்குதான். பாக்க என்னவோ மாதிரி இருக்கும், ஆனா மறைக்கும்.

மதுரை, வாடகை வீடு: ஓனர் குழி தோண்ட விடமாட்டாரு, ஆணி அடிக்கவும் கூடாதாம்.

பழைய பெயிண்ட் வாளி ரெண்டு எடுத்து நடுவுல மூங்கில நிறுத்தி கான்கிரீட் ஊத்துங்க, அதான் உங்க கம்பம். ரெண்டுக்கும் நடுவுல நைலான் கொடி வலை, கீழ வரிசையா க்ரோ பேக். சங்குப்பூ விதைய ஒரு ராத்திரி ஊற வச்சு போட்டா சீக்கிரமா ஏறும், கூட பீர்க்கன் போட்டா காயும் ஆச்சு. பீர்க்கன் காய்ச்சு ஓய்ஞ்சதும் காஞ்சுடும், அதனால பக்கத்துலயே கோவைக்கா தண்டு ரெண்டு ஊனி வைங்க, அது வருஷக்கணக்கா நிக்கும். வீடு மாறும்போது வாளியோட தூக்கிட்டுப் போகலாம்.

திருவள்ளூர்: கோனோகார்பஸ் மரம் வேகமா வளரும்னு வாங்கச் சொல்றாங்க. வைக்கலாமா அண்ணா?

வேகமா வளரும், வாஸ்தவம். ஆனா வேரு தண்ணிக் குழாய், சாக்கடைன்னு தேடிப் போயி புகுந்துக்கும். குஜராத்துல 2023லயே தடை போட்டாங்க, நம்ம தமிழ்நாட்டுலயும் தடை வந்தாச்சு. எங்ககிட்டயும் கேக்கறாங்க, நான் வைக்கறதில்ல. அவசரம்னா அகத்தி போடுங்க. வெத்தலைக் கொடிக்காலுக்கே அததான் கால் மரமா வைக்கறாங்க, விதை போட்டு மூணு மாசத்துல ஆள் உசரம் தாண்டிடும், கீரையும் கிடைக்கும். அடில மொட்டையாத்தான் இருக்கும், அந்த வரிசைக்கு முன்பக்கமா செம்பருத்தி குச்சிய ரெண்டடிக்கு ஒண்ணா ஊனுங்க. செம்பருத்தி அடர்ந்ததும் அகத்திய வெட்டிடலாம்.

தாராபுரம்: எங்க ஊர்ல ஆடு ஒண்ணத்தையும் விடாதுங்க. தோட்டத்து வேலி, நீளமும் ஜாஸ்தி.

உங்க ஊர்லயே பதில் இருக்குதுங்களே! காங்கயம் தாராபுரம் கொறங்காட்டுல, அதான் மேய்ச்சல் காட்டுல, சுத்தி வேலியா நிக்கற முள்கிளுவைதான். மழைக்கு முன்னாடி போத்து, அதான் கிளைக்குச்சி, வெட்டி நெருக்கமா ஊனிட்டா போதும், தண்ணி ஊத்தக்கூட தேவையில்ல. வீட்டுகிட்ட முள்ளு வேண்டாம்னா ஆடாதொடையும் நொச்சியும் மாத்தி மாத்தி வைங்க, ஆடாதொடைன்னு பேரே ஆடு தொடாததாலதான். அரளி மட்டும் மாடு கன்னு இருக்கற எடத்துல வேண்டவே வேண்டாம், இலைல அவ்ளோ விஷம்.

யாழ்ப்பாணம்: அண்ணை, முந்தி எங்கட வளவுக்கு கிடுகு வேலிதான். இப்ப மதில் கட்டியாச்சு, ஆனா றோட்டால போற பஸ்ஸில இருந்து உள்ளுக்கு எல்லாம் தெரியுது.

கிடுகு வேலி, அதான் பின்னின தென்னங்கீத்து வேலி, நல்ல உசரமா இருக்கும், மதில குள்ளமா கட்டிட்டீங்க போல. மதிலுக்கு உள்பக்கம் ரெண்டடி விட்டு பழையபடி பூவரசு, கிளுவை கதியால் (உயிர்வேலிக்கு ஊனற கம்பு) நடுங்க, மேல மட்டும் தழைய விட்டு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுங்க, குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். ரோட்டுப் பக்கம் அழகா இருக்கணும்னா நடுவுல ரங்கூன் மல்லி ஒண்ணு, வெள்ளையா பூத்து சிவப்பா மாறும், நீங்க அத என்ன பேருல சொல்றீங்கன்னு எழுதுங்க.

சென்னை, அபார்ட்மெண்ட்: பால்கனி, எதிர் பிளாக் பத்தடிலதான்.

மூங்கில் தட்டி, சுருட்டி ஏத்தற மாதிரி. செடிதான் வேணும்னா மேல தொட்டி வச்சு கர்ட்டன் க்ரீப்பர் தொங்க விடுங்க, அதுவா கீழ இறங்கும், பந்தல் வேண்டாம்.

ஈரோடு: மூங்கில் வச்சா பாம்பு வரும்ங்கறாங்க எங்க மாமியார்.

மாமியார் சொல்றதுல பாதி உண்மைங்க அக்கா. மூங்கிலுக்காக வராது, அடில சேர்ற சருகுல எலி தங்கும், எலிக்காக வரும். மாசம் ஒருதடவ அடிய கூட்டி, கீழ ஒரு அடிக்கு கிளையக் கழிச்சு வெளிச்சமா வைங்க. வாங்கும்போது புதரா குத்துக்குத்தா வர்ற ரகம்தான்னு கேட்டுக்கங்க, சுவத்துலேர்ந்து மூணு அடி தள்ளி நடுங்க. அப்புறமும் அவங்க வேண்டாம்னா விட்டுடுங்க, செம்பருத்திக்கு எந்த மாமியாரும் தடை சொன்னதில்ல.