வீடியோ கேம் விளையாடிப் பிள்ளைகள் புவியியல் கற்க முடியுமா?

முடியும். ஆனால் எந்த கேம் என்பதைப் பொறுத்தது. பாடப்புத்தகத்தை அப்படியே திரைக்கு மாற்றி, "இந்த நாட்டின் தலைநகர் எது?" என்று கேட்பவை பெரும்பாலும் பரீட்சைத்தாள்தான், பிள்ளைகள் இரண்டு நாளில் மூடி வைத்துவிடுவார்கள்.

1985இல் அமெரிக்காவின் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட கார்மென் சான்டியேகோ கேமைப் பாருங்கள். நீங்கள் துப்பறிவாளர். கார்மென் என்கிற திருட்டுத் தலைவியின் கும்பலைச் சேர்ந்த திருடன் ஒருவன் ஊர் ஊராக ஓடுகிறான். பார்த்தவர்களை விசாரித்தால் அரைகுறைத் தகவல்தான் கிடைக்கும்: "கையிலிருந்த பணத்தையெல்லாம் ஃபோரிண்டாக மாற்றினான்" என்கிற மாதிரி. ஃபோரிண்ட் எந்த நாட்டுப் பணம்? ஹங்கேரி. சரி, புடாபெஸ்டுக்கு விமானம் ஏறு. தப்பான ஊருக்குப் போனால் நேரம் வீண். ஞாயிறு மாலை 5 மணிக்குள் பிடித்தாக வேண்டும். அதுவும் அடையாளங்களைச் சேகரித்துப் பிடியாணை வாங்காமல் போய் நின்றால், ஆள் தப்பிவிடுவான்!

பெட்டிக்குள்ளேயே தடிமனான ஆண்டுத் தகவல் புத்தகம் ஒன்றையும் வைத்து விற்றார்கள். விடை திரையில் இல்லை. பக்கங்களைப் புரட்ட வேண்டும். என்னைக் கேட்டால் பாடம் நடப்பது அங்கேதான். திருடனைப் பிடிக்கும் அவசரத்தில் தேடிய கொடியின் நிறம் மறக்காது.

முதல் பதிப்பின் 30 ஊர்களில் கொழும்பும் உண்டு. அப்புறம் ஒன்று: பழைய பதிப்பில் ரோமுக்கு இன்னமும் லிராதான், யூரோவுக்கு முந்தைய இத்தாலியப் பணம். பக்கத்தில் ஒரு புது அட்லஸ் இருக்கட்டும்.