டோங்காவில் ஆட்சி அதிகாரம் யாரிடம் இருக்கிறது: மன்னரிடமா, நாடாளுமன்றத்திடமா?

இருவரிடமும் என்பதே சரியான பதில். ஆயினும் தராசு முன்போல மன்னர் பக்கம் சாய்ந்திருக்கவில்லை. பசிபிக் தீவு நாடான டோங்காவில் 1875ஆம் ஆண்டின் அரசியலமைப்பே, பல திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் உள்ளது. 2010ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின், பொதுமக்கள் தேர்ந்தெடுக்கும் 17 பேரும், பரம்பரைப் பிரபுக்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் 9 பேரும் கொண்ட அவை பிரதமரைத் தேர்வு செய்ய, மன்னர் அவரை முறைப்படி நியமிக்கிறார். விரல்விட்டு எண்ணக்கூடிய பிரபுக்களுக்கு 9 இடங்கள் என்பது மிகையான சலுகை என்றே எனக்குத் தோன்றுகிறது. சட்டங்களுக்கு ஒப்புதல் மறுக்கவும் அவையைக் கலைக்கவும் மன்னருக்குள்ள அதிகாரம் வெறும் சடங்கன்று: 2017இல் மன்னர் ஆறாம் டுபோ அவையைக் கலைத்தார், ஆனால் அதன்பின் நடந்த தேர்தலில், அப்போதைய பிரதமர் அகிலிசி போஹிவாவின் தரப்பே வென்று மீண்டும் ஆட்சி அமைத்தது.