ரிமோட் அப்பாவின் கையில் இருக்கும் வீடு

தம்பி, தொலைக்காட்சியில் இரண்டு ஆண்கள் காதலர்களாக வந்தாலே அப்பா "கருமம்" என்று சேனலை மாற்றுகிறார், அம்மா சமையலறைக்குப் போய்விடுகிறார், பொங்கலுக்குப் போகும்போது நானும் அப்படித்தான் என்ற உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வேண்டாம். கல்லூரிக் கட்டணம் அப்பா கட்டுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்கட்டும்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நகைச்சுவை நடிகர் நெளிந்து நடந்தால் வீடே சிரிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். ஆனால் 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலின உறவு குற்றமல்ல என்று 377ஆம் சட்டப் பிரிவு பற்றி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செய்தியில் ஓடியபோது அப்பா சேனலை மாற்றவில்லை. படத்தில் வந்தால் அசிங்கம், நீதிமன்றத்தில் வந்தால் செய்தி!

ஆகவே படம் காட்டித் திருத்த முயலாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தன்பாலின ஈர்ப்பு பற்றித் தமக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார். பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைக் கவனியுங்கள்.

ஒருவேளை தெரிந்துபோய், டாக்டரிடம் காட்டி "மாற்றிவிடலாம்" என்று கிளம்பினால், அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டதைச் சொல்லுங்கள்.

அம்மா எழுந்து போவதை வெறுப்பு என்று முடிவுகட்டாதீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் போவார். நான் சொன்னபோது, "அப்பாவிடம் மட்டும் சொல்லாதே" என்றார். ஆறு மாதத்தில் அவரே சொல்லிவிட்டார்.